என்ஜின் மிஸ்ஃபயரும் எரிபொருள் அழுத்தக் குறைவும்: காரணம் கண்டறியும் முறைகள்

பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் சென்ற கலவை உரிய நேரத்தில் எரியாமல் போவதும் அரைகுறையாக எரிவதும் மிஸ்ஃபயர் எனப்படும். பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லப்படுவதும் இதுவே. ஐடிலிங்கில் வண்டி குலுங்குவது, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஜெர்க் அடிப்பது, மேடு ஏறும்போது இழுவை இல்லாமல் போவது, சைலன்சரில் விட்டுவிட்டுப் ‘புட் புட்’ என்ற ஓசை கேட்பது ஆகியவை இதன் வெளி அடையாளங்கள். 3000 சுழற்சி வேகத்தில் ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். அவற்றில் சில தவறினாலே ஓட்டுநரின் காலுக்கும் கைக்கும் அது தெரிந்துவிடும்.

கலவை எரிவதற்கு மூன்று வேண்டும்: சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும், உரிய கணத்தில் வலுவான தீப்பொறி, போதிய கம்ப்ரஷன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விளைவு ஒன்றுபோலத்தான் இருக்கும். நைந்த பிளக்கும் அடைத்த ஃபில்டரும் கசியும் வால்வும் ஓட்டுநருக்கு ஒரே குலுக்கலையே தருகின்றன. அறிகுறியை மட்டும் கேட்டுக்கொண்டு பாகங்களை மாற்றத் தொடங்கினால் செலவு ஏறுமே தவிரக் கோளாறு தீராது. முதலில் பிளக், பிறகு காயில், அதற்குப் பிறகு இன்ஜெக்டர், கடைசியில் ஃபியூயல் பம்ப் என்று மாற்றிக்கொண்டே போன பிறகும் குறை அப்படியே இருக்கும் வண்டிகள் பட்டறைகளில் ஏராளம். எரிபொருள் அழுத்தக் குறைவு மிஸ்ஃபயருக்கான காரணங்களில் ஒன்று மட்டுமே. அதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே அறியலாம்.

கார் தானே உணரும் விதம்

கிராங்க்ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் இடைவிடாமல் கவனிக்கிறது. பல என்ஜின்களில் இச்சக்கரம் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்களைக் கொண்டிருக்கும். பல் இல்லாத இடைவெளி, பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் குறி. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் சற்று முடுக்கம் பெறும். எரியாவிட்டால் அந்தக் கணத்தில் மந்தமாகும். இந்த நுண்ணிய வேக மாறுபாட்டைக் கணக்கிட்டே எந்தச் சிலிண்டர் தவறியது என்பதை என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. தீப்பொறியையோ பெட்ரோலையோ அது நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆகவே கணினி சொல்வது ‘எங்கே’ என்பதை மட்டுமே. ‘ஏன்’ என்பதைக் கண்டுபிடிப்பது மனிதனின் வேலை.

அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல் எல்லாப் பயணிகள் கார்களுக்கும் இத்தகைய தன்னாய்வு முறையின் இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. இந்தியாவில் முதல் நிலை 2010 ஏப்ரலிலும் இரண்டாம் நிலை 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிகள் இந்தக் கண்காணிப்பை மேலும் இறுக்கின. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரை இணைத்தால் பதிவான குறியீடுகளைப் படிக்கலாம். பி0300 என்பது பல சிலிண்டர்களில் ஒழுங்கின்றி நிகழும் மிஸ்ஃபயரைக் குறிக்கும். பி0301 முதல் சிலிண்டரையும், பி0302 இரண்டாவதையும் குறிக்கும். இந்த வரிசை அப்படியே தொடரும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0087 என்றால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ஃபியூயல் ரெயிலில் அழுத்தம் குறைவு. பி0351 தொடங்கும் வரிசை காயில் சுற்றுக்கும், பி0201 தொடங்கும் வரிசை இன்ஜெக்டர் சுற்றுக்கும் உரியவை.

குறியீட்டோடு சேர்ந்து, அது பதிவான கணத்தின் சுழற்சி வேகம், என்ஜின் மீதான சுமை, கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம் ஆகியவற்றையும் கணினி உறையவைத்து வைத்திருக்கும். குறியீட்டை அழிப்பதற்கு முன் இந்தத் தகவலைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. குளிர்ந்த என்ஜினில் ஐடிலிங்கின்போது நேர்ந்ததா, நெடுஞ்சாலையில் முழுச் சுமையில் நேர்ந்ததா என்பது தேடலின் திசையையே மாற்றிவிடும்.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சரிபார்க்க வேண்டும் என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோலும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கன்வெர்ட்டருக்குள் எரிவதால் அதன் பீங்கான் உள்ளகம் உருகி அடைத்துக்கொள்ளக்கூடும். அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை உடனே தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவதே சரி. சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய காயில் பழுது பல மடங்கு விலையுள்ள கன்வெர்ட்டர் செலவாக முடிவது இந்த எச்சரிக்கையைப் புறக்கணிப்பதால்தான்.

ஒரு சிலிண்டரா, எல்லாச் சிலிண்டர்களுமா?

ஆய்வின் முதல் பிரிவினை இந்தக் கேள்வியில் தொடங்குகிறது. பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு, பிஸ்டன் ரிங் ஆகியவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. ஃபியூயல் பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர், காற்றளவு சென்சார், கிராங்க் சென்சார் ஆகியவை எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொது. ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்பத் தவறினால் குற்றவாளி தனிப் பாகங்களுக்குள் இருக்கும். தவறும் சிலிண்டர் மாறிக்கொண்டே இருந்தாலும், எல்லாமே சேர்ந்து தளர்ந்தாலும் பொதுப் பாகங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அழுத்தக் குறைவு பொதுக் காரணங்களின் பட்டியலில் வருவது. ரெயிலில் அழுத்தம் குறைந்தால் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பெட்ரோல் குறையும். எனவே மூன்றாம் சிலிண்டர் மட்டும் தவறும் வண்டியில் முதல் வேலையாக ஃபியூயல் பம்பை மாற்றுவது தர்க்கத்துக்கு ஒவ்வாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே சற்று அடைத்திருந்த இன்ஜெக்டர், பொது அழுத்தம் குறையும்போது மற்றவற்றுக்கு முன்னால் தோற்றுப்போகும். அப்போது தனிச் சிலிண்டர் குறியீடும் ‘பெட்ரோல் குறைவு’ குறியீடும் ஒன்றாகப் பதிவாகும்.

தீப்பொறியைச் சோதித்தல்

தனிச் சிலிண்டர் கோளாறுகளில் எளிதாகச் சோதிக்கக்கூடியது இக்னிஷன். ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் அமைந்த கார்களில் இடம் மாற்றும் சோதனை மிகவும் பயன்தரும். இரண்டாம் சிலிண்டர் தவறினால் அதன் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்டி வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0302-இலிருந்து பி0303-க்கு இடம் பெயர்ந்தால் காயிலே குற்றவாளி. பெயராவிட்டால் பிளக்கை அதே முறையில் மாற்றிப் பார்க்கலாம். எதுவும் பெயராவிட்டால் வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடல் நகரும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவது இந்தச் சோதனையின் உயிர்நாடி. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் விடை கிடைத்தும் பயனில்லை.

ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொறி தரும் பழைய அமைப்பில், 1-4 அல்லது 2-3 என இணையாக இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தவறினால் காயில் மீது சந்தேகம் வலுக்கும். ஒன்று மட்டும் தவறினால் பிளக் வயரையும் பிளக்கையும் பார்க்க வேண்டும்.

கழற்றிய பிளக் நிறைய பேசும். இளம்பழுப்பு நிறம் நலமான எரிதலைக் காட்டும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. வெளிறி வெண்மையாக இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது மிகை வெப்பம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் வழியே ஆயில் இறங்குகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி எரிக்கவில்லை. பீங்கானின் மேல் மெல்லிய கரிய கோடு இருந்தால் மின்சாரம் வழி தவறி என்ஜின் உடலுக்குப் பாய்ந்திருக்கிறது. பிளக் குழிக்குள் ஆயிலோ மழை நீரோ தேங்கியிருந்தாலும் இதே கசிவு நிகழும். வெள்ளத்தில் சென்ற வண்டிகளிலும் என்ஜின் மீது நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய வண்டிகளிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிளக் முனைகளுக்கு இடையிலான இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். முனை தேய்ந்து இடைவெளி கூடக்கூடப் பொறிக்குத் தேவையான மின்னழுத்தமும் கூடும். சுமை ஏறும்போது சிலிண்டரின் உள்ளழுத்தம் உயர்ந்து இத்தேவையை இன்னும் பெருக்கும். ஐடிலிங்கில் ஒழுங்காக ஓடும் வண்டி மேட்டில் மட்டும் தவறுவதற்கு இது பொதுவான காரணம். அழுத்தக் குறைவின் அறிகுறியும் ஏறத்தாழ இதுவே என்பதால்தான் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றுக்கொன்று மாற்றிப் புரிந்துகொள்ளப்படுகின்றன.

பெட்ரோல் செல்லும் பாதை

கார்புரேட்டர் காலத்துப் பம்ப் 0.2 முதல் 0.4 பார் அழுத்தத்திலேயே வேலையை முடித்துவிடும். 2000-இல் நடைமுறைக்கு வந்த உமிழ்வு விதிகளுக்குப் பின் இந்தியக் கார்கள் பல முனை பெட்ரோல் ஊசி முறைக்கு மாறின. இம்முறையில் டேங்குக்குள் அமர்ந்திருக்கும் மின்பம்ப், வலைச் சல்லடை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக ரெயிலுக்குத் தள்ளும். ரெயிலில் அழுத்தம் வழக்கமாக 3 முதல் 4 பார், அதாவது 43 முதல் 58 பிஎஸ்ஐ வரை இருக்கும். துல்லியமான அளவு காருக்குக் கார் மாறும். அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேடே இறுதி அளவுகோல்.

இந்த அமைப்பில் இரு வகைகள் உண்டு. முதல் வகையில் ரெகுலேட்டர் ரெயிலின் முனையில் இருக்கும். மிகுந்த பெட்ரோல் தனிக் குழாய் வழியே டேங்குக்குத் திரும்பும். ரெகுலேட்டரோடு இணைந்த வெற்றிடக் குழாய், இன்டேக்கின் அழுத்தத்துக்கு ஏற்ப ரெயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். இரண்டாம் வகையில் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும். திரும்பும் குழாய் கிடையாது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

இன்ஜெக்டர் வழியே பாயும் பெட்ரோலின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். அழுத்தம் 3 பாரிலிருந்து 2 பாராக இறங்கினால் பாய்வு மூன்றில் ஒரு பங்கு குறைவதில்லை. ஏறத்தாழ 18 சதவீதமே குறையும். இதை ஈடுகட்ட இன்ஜெக்டரை 22 சதவீதம் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் போதும். ஆக்ஸிஜன் சென்சார் தரும் செய்தியைக் கொண்டு கணினி இதைச் சத்தமின்றிச் செய்துவிடும். பெரும்பாலான கணினிகளின் திருத்த வரம்பு 25 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஆகவே அழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்துவரும் வண்டியில் நெடுநாள் எந்த அறிகுறியும் தெரியாது. வரம்பைத் தாண்டும் நாளில்தான் வண்டி திடீரெனத் தவறத் தொடங்கும். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி என்று உரிமையாளர் சொல்வதும், பல மாதங்களாகத் தேய்ந்துவந்த பம்ப் என்று பரிசோதனை காட்டுவதும் முரண் அல்ல.

அழுத்தக் கேஜ் மாட்டாமலே கிடைக்கும் தடயம்

கணினி செய்யும் இந்தத் திருத்தத்தை ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்ற அளவாகக் காணலாம். உடனடித் திருத்தம், நீண்டகாலத் திருத்தம் என அது இரு வகை. இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்யத்தைச் சுற்றி 10 சதவீதத்துக்குள் இருப்பது இயல்பு. பிளஸ் பக்கம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று நுழைகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிய வெவ்வேறு வேகங்களில் டிரிம்மைப் படித்தால் போதும். ஐடிலிங்கில் பிளஸ் 20, என்ஜினை 2500 சுழற்சிக்கு ரேஸ் செய்தால் இயல்புக்குத் திரும்புகிறது என்றால் காற்றுக் கசிவு. குழாயில் உள்ள விரிசல் ஐடிலிங்கின் சிறிய காற்றோட்டத்தில் பெரும் பங்கு. அதிவேகத்தின் பெரிய காற்றோட்டத்தில் சிறு பங்கு. பிரேக் பூஸ்டர் குழாய், கிராங்க்கேஸ் காற்றுக் குழாய், இன்டேக் கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாறாக, ஐடிலிங்கில் இயல்பாக இருந்து, சுமையும் வேகமும் ஏறும்போது டிரிம் பிளஸ் பக்கம் ஏறினால் பெட்ரோல் வழங்கல் தளர்கிறது, அல்லது அழுக்கடைந்த காற்றளவு சென்சார் குறைத்துக் கணக்கிடுகிறது.

இந்தியாவில் ஓடும் பல முனை ஊசிக் கார்கள் பலவற்றில் ரெயில் அழுத்தச் சென்சாரே கிடையாது. எனவே அவற்றில் பி0087 பதிவாக வழியில்லை. அழுத்தக் குறைவு அங்கே விட்டுச்செல்லும் ஒரே தடம் பி0171-உம் ஏறிய டிரிம்மும்தான். அழுத்தக் குறியீடு வரவில்லை, ஆகவே அழுத்தம் சரி என்று முடிவு கட்டுவது பிழை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொறி இல்லாமல் ஒரு சிலிண்டர் தவறும்போது அதன் எரியாத ஆக்ஸிஜன் வெளியேறிச் சென்சாரை அடைகிறது. பெட்ரோல் குறைவு என்று தவறாகப் புரிந்துகொண்டு கணினி எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆகவே தனிச் சிலிண்டர் மிஸ்ஃபயர் இருக்கும்போது டிரிம் அளவை மட்டும் நம்பி எரிபொருள் குறைவு என்று தீர்ப்பளிக்கக் கூடாது. சில கார்களில் தவறும் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கணினியே நிறுத்திவிடும். அங்கே இன்ஜெக்டரின் ‘டிக் டிக்’ ஓசை கேட்கவில்லை என்பதற்காக அதைக் குறை சொல்லவும் கூடாது.

அழுத்தத்தை அளக்கும் முறை

பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் என்பதை மறந்து செய்யும் சோதனை உயிரைப் பறிக்கும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பம்பின் ஃபியூஸைக் கழற்றி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். அதன் பிறகே இணைப்பைத் திறக்கலாம். ரெயிலில் சோதனை வால்வு இருந்தால் கேஜை அதில் மாட்டலாம். இல்லாத கார்களில் குழாய்க்கு நடுவே மும்முனை இணைப்பைப் பொருத்த வேண்டும்.

சோதனை ஐந்து கட்டங்களாகச் செய்யப்படும். சாவியைத் திருப்பியதும் பம்ப் ஏறத்தாழ இரண்டு நொடி ஓடி நிற்கும். அழுத்தம் உடனே எழ வேண்டும். அடுத்து, ஐடிலிங்கில் கையேடு சொல்லும் அளவு நிலையாக நிற்க வேண்டும். பழைய வகை ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றினால் அழுத்தம் ஏறத்தாழ 0.5 பார் உயர வேண்டும். அக்குழாயில் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் உட்படலம் கிழிந்துவிட்டது. மூன்றாவதாக, ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதித்து விட்டுப் பார்க்க வேண்டும்; முள் சரிந்து தாமதமாக மீண்டால் வழங்கல் போதவில்லை. நான்காவதாக, என்ஜினை நிறுத்திய பின் அழுத்தம் பல நிமிடங்கள் தங்க வேண்டும். ஐந்தாவதாக, கேஜ் மாட்டியபடியே சாலையில் சுமையேற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்காகப் பெட்ரோல் குழாயை வண்டிக்குள் கொண்டுவருவது ஆபத்தானது.

அழுத்தம் சரியாக இருந்தாலே அளவும் சரி என்று ஆகாது. பெட்ரோல் அதிகம் தேவைப்படாத ஐடிலிங்கில் அடைத்த ஃபில்டரும் முழு அழுத்தத்தைக் காட்டும். எனவே கொள்ளளவுச் சோதனையும் வேண்டும். பொதுவான கார்ப் பம்ப் அரை நிமிடத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் தள்ள வேண்டும் என்பது பட்டறைகளின் நடைமுறை அளவுகோல். சூடேறினால் மட்டுமே தளரும் பம்புகளும் உண்டு. காலையில் ஆறிய வண்டியைச் சோதித்துச் சரி என்று அனுப்பினால் பிற்பகல் வெயிலில் அது மீண்டும் நிற்கும். கோளாறு தலைகாட்டும் நேரத்தில் அளப்பதே பொருளுள்ள அளவு.

அழுத்தம் ஏன் குறைகிறது?

அளவு குறைவு என்று தெரிந்த பிறகும் பம்பை உடனே மாற்றிவிடக் கூடாது. பம்ப் பலவீனமாக இருப்பதும், பம்புக்கு மின்சாரம் போதாமல் இருப்பதும் கேஜில் ஒன்றுபோலவே தெரியும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனையிலேயே வோல்ட் அளக்க வேண்டும். பாட்டரி முனைக்கும் பம்ப் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் ரிலே, ஃபியூஸ் பெட்டி, கனெக்டர், எர்த் இணைப்பு ஆகியவற்றில் குறை இருக்கிறது. டேங்கின் மேல்மூடியில் உள்ள கனெக்டர் கருகியிருப்பதும், துருவேறிய எர்த் போல்ட்டும் பரவலான காரணங்கள். மின்சாரத்தைச் சரிசெய்யாமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் விரைவில் கெடும்.

கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தையும் அளக்கலாம். பல முனை ஊசிக் கார்களின் பம்ப் வழக்கமாக 4 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். அதற்கு மேல் போனால் பம்ப் இறுகுகிறது அல்லது ஃபில்டர் அடைப்பை எதிர்த்துத் திணறுகிறது. மிகக் குறைந்தால் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது பெட்ரோல் இல்லாமல் வெறுமனே சுழலலாம்.

என்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் விழுந்துவிடுவது வேறொரு கதை. பம்பின் வாயில் உள்ள ஒருவழி வால்வு, கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வைப் போல, குழாயில் ஏறிய பெட்ரோலைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கிறது. அது கசிந்தால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே வண்டி ஸ்டார்ட் ஆகும். ஓடத் தொடங்கியதும் குறை தெரியாது. மூடாமல் சொட்டும் இன்ஜெக்டரும் அழுத்தத்தைக் கரைக்கும். ஆனால் அங்கே பெட்ரோல் ஒரு சிலிண்டருக்குள் சேர்ந்துவிடுவதால் ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சிலிண்டர் தவறும். சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும்.

ரெயிலில் அழுத்தம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் போதாவிட்டால் இன்ஜெக்டர் சமநிலைச் சோதனை உதவும். ஒவ்வொரு இன்ஜெக்டரையும் ஒரே கால அளவுக்குத் திறந்து, ஒவ்வொரு முறையும் ரெயில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிட வேண்டும். குறைவாக இறங்கினால் அது அடைத்திருக்கிறது. மிகையாக இறங்கினால் கசிகிறது. பொதுவான இன்ஜெக்டரின் சுருள் மின்தடை 12 முதல் 16 ஓம் வரை இருக்கும்.

நேரடி ஊசி என்ஜின்கள்

பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் என்ஜின்கள் இந்தியாவிலும் பெருகிவிட்டன. 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் டர்போவும், 2021-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் டைகூனின் 1.0 லிட்டர் டர்போவும் இவ்வகை. இவற்றில் இரு பம்புகள் உண்டு. டேங்கில் உள்ள மின்பம்ப் 4 முதல் 6 பார் வரை தரும். என்ஜினின் கேம்ஷாஃப்டால் இயங்கும் இரண்டாம் பம்ப் அதை ஐடிலிங்கில் ஏறத்தாழ 50 பாரிலிருந்து சுமையில் 200 பார் வரை ஏற்றும். 350 பாரைத் தொடும் புதிய அமைப்புகளும் உள்ளன.

இங்கே ரெயில் அழுத்தச் சென்சார் கட்டாயம் இருப்பதால் கணினி கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஸ்கேனரிலேயே ஒப்பிடலாம். பி0087 வந்ததும் விலையுயர்ந்த உயரழுத்தப் பம்பைக் குறை சொல்வதற்கு முன், அதற்கு ஊட்டும் தாழழுத்தப் பக்கத்தை அளக்க வேண்டும். பசித்திருக்கும் பம்பால் அழுத்தம் தர இயலாது. தாழழுத்தம் சரியாக இருந்தால் மட்டுமே பம்பின் கேம் தேய்மானம், கட்டுப்பாட்டு வால்வு, சென்சார் என்று மேலே போகலாம். இயங்கும் நிலையில் உயரழுத்தக் குழாயைத் திறப்பது தோலைத் துளைத்துப் படுகாயம் உண்டாக்கும். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. இவ்வகை என்ஜின்களில் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாததால் அவற்றின் மேல் கரி படிந்து, குளிர்ந்த நிலையில் மிஸ்ஃபயர் உண்டாவதும் வழக்கம்.

எத்தனால், தண்ணீர், சிஎன்ஜி

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும்; எத்தனாலுக்கு 9 பங்கு போதும்; இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. ஆகவே தூய பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட பழைய காரில் டிரிம் சில சதவீதம் பிளஸ் பக்கம் சாய்வது எரிபொருளின் இயல்பு. அதைப் பழுது என்று கொள்ளக் கூடாது. எத்தனால் பழைய டேங்கின் படிவுகளைக் கரைத்துச் சல்லடையிலும் ஃபில்டரிலும் சேர்ப்பதும், பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் தளர்த்துவதும் உண்மையான பழுதுகள்.

தண்ணீர் இன்னும் பெரிய சிக்கல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவையில் இந்த எல்லை ஏறத்தாழ அரை சதவீதம். எல்லை மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். பம்பின் சல்லடை இருப்பதும் டேங்கின் அடியிலேதான். மழைக்காலத்தில் பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் இறங்கினால், பெட்ரோல் போட்ட சிறிது தூரத்திலேயே வண்டி எல்லாச் சிலிண்டர்களிலும் தவறி நிற்கும். இங்கே அழுத்தம் முற்றிலும் சரியாக இருக்கும். ரெயிலிலிருந்து எடுத்த மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடுக்குப் பிரிவது கண்ணுக்கே தெரியும். பெட்ரோல் போட்ட உடனே தொடங்கிய கோளாறு எதிலும் இந்தச் சோதனை முதலாவதாக வர வேண்டும்.

சிஎன்ஜியிலும் பெட்ரோலிலும் ஓடும் கார்கள் ஆய்வாளருக்கு ஒரு தனி வசதியைத் தருகின்றன. பெட்ரோலில் தவறி, சிஎன்ஜியில் ஒழுங்காக ஓடினால் இக்னிஷனும் கம்ப்ரஷனும் ஏறத்தாழ விடுதலை பெறுகின்றன. குறை பெட்ரோல் பாதையில் இருக்கிறது. இரண்டிலும் தவறினால் பெட்ரோல் அழுத்தத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. சிஎன்ஜியில் மட்டும் தவறினால் கேஸ் பாதையோடு பிளக்கையும் பார்க்க வேண்டும். அக்கலவையைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால் தேய்ந்த பிளக் அங்கே முதலில் தோற்கும். சிஎன்ஜிக் காரில் பெட்ரோலை எப்போதும் ரிசர்வில் வைத்திருப்பது பம்புக்குத் தீங்கு. பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான்.

கம்ப்ரஷன்

பொறியும் பெட்ரோலும் சரி என்றால் மிஞ்சுவது என்ஜினின் உள்நலம். பொதுவான பெட்ரோல் என்ஜினில் கம்ப்ரஷன் 10 முதல் 14 பார் வரை இருக்கும். மொத்த அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் ஊற்றி மீண்டும் அளக்கும்போது அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்வு. உயராவிட்டால் வால்வுக் கசிவு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றிச் செய்யும் கசிவுச் சோதனை இன்னும் தெளிவாகப் பேசும். இன்டேக்கில் சீற்றம் கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். நெடுங்காலம் சிஎன்ஜியில் ஓடிய என்ஜினில் வால்வு இருக்கை தேய்ந்து டேப்பட் இடைவெளி மறைந்துவிடும். சூடேறியதும் வால்வு முழுமையாக மூடாமல் கம்ப்ரஷன் குறைவதற்கு அதுவே காரணம். டைமிங் செயின் நீண்டுவிட்டால் எல்லாச் சிலிண்டர்களிலும் ஒரே சீராகக் கம்ப்ரஷன் குறையும். பி0016 போன்ற குறியீடு அதற்குத் துணை நிற்கும்.

ஆய்வின் வரிசை

இவற்றைத் தொகுத்தால் வரிசை தெளிவாகிறது. முதலில் குறியீடுகளையும் உறைந்த தகவலையும் குறித்துக்கொள்ள வேண்டும். தவறுவது ஒரு சிலிண்டரா பலவா என்று பிரிக்க வேண்டும். ஒன்று என்றால் காயில், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் இடம் மாற்றியும் அளந்தும் பார்க்க வேண்டும். பல என்றால் டிரிம்மை ஐடிலிங்கிலும் சுமையிலும் படித்து, காற்றுக் கசிவா எரிபொருள் குறைவா என்று தீர்மானிக்க வேண்டும். எரிபொருள் குறைவு என்றால் அதன் தரத்தையும் அழுத்தத்தையும் கொள்ளளவையும் சோதிக்க வேண்டும். அழுத்தம் குறைவு என்றால் முதலில் மின்சாரம், பிறகு ஃபில்டர், பிறகு ரெகுலேட்டர், கடைசியாகப் பம்ப். செலவில்லாத சோதனைகள் முன்னாலும் செலவுள்ள பாகங்கள் பின்னாலும் வருவது இவ்வரிசையின் நியாயம்.

பம்பை மாற்ற வேண்டும் என்று பட்டறை சொன்னால், கார் உரிமையாளர் மூன்று அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும்: சுமையில் ரெயில் அழுத்தம் எத்தனை பார், பம்ப் முனையில் எத்தனை வோல்ட், அந்த மாடலுக்குக் கையேடு சொல்லும் அழுத்தம் எவ்வளவு. இந்த மூன்றையும் சொல்ல முடிந்த மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி ஒப்படைக்கலாம். சொல்ல முடியாவிட்டால், அளந்த பிறகே மாற்றும்படி கேட்பது உரிமையாளரின் உரிமை.